நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விடலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

சுங்கை சிப்புட் அக்கா:

வணக்கம். நாய் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என் வீட்டை வாடகைக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடு வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. ஒற்றை மாடி வரிசை வீடு. இரண்டு அறை, முன்னால் போர்ச், பின்னால் துணி காயப்போடும் சிமெண்டுத் தரை. அந்தக் காலத்தில் 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய மலிவு விலை வீடு. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த தலைமுறை. லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த வீட்டை வாங்கினார்கள். இப்போது இருவரும் இல்லை. வீடு என் பெயரில் இருக்கிறது. நான் கோலகங்சாரில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு 550 வெள்ளி வாடகைக்கு விட்டேன். "ஒரே ஒரு குட்டி நாய், வெளியிலேயே இருக்கும்" என்றார்கள். நானும் சரி என்றேன். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்பதாவது மாதத்திலிருந்து வாடகை வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) போன் செய்தார். வீட்டில் யாரும் இல்லை, பின்பக்கம் நாய் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டே இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சி விடுகிறேன், சீக்கிரம் வா என்றார். அவர் நாயைத் தொடமாட்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் அதை உயிரோடு வைத்திருந்தது அவர் விட்ட தண்ணீர்தான்.

நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தார்கள். என்னிடம் கேட்காமல் அடித்தது. அதில் சங்கிலி, சங்கிலியில் பழுப்பு நிறப் பெட்டை நாய். சங்கிலி பின்னங்காலில் சுற்றித் தோல் உரிந்து கிடந்தது. காதுக்குள் உண்ணி மிளகு கொட்டியதுபோல இருந்தது. ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது நாள் வைத்திருந்து பார்த்தார்கள், பிழைக்கவில்லை. உண்ணிக் காய்ச்சல் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அந்த நாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு ஆன செலவும் சொல்ல வேண்டும். மூன்று மாத வாடகை 1,650 வெள்ளி போனது. கையிலிருந்த முன்பணம் 1,100. கட்டாமல் விட்ட மின்சாரம், தண்ணீர், அரித்துப்போன பின்கதவு, இரண்டு முறை உண்ணிக்கு மருந்தடித்தது எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து 2,000 வெள்ளிக்கு மேல் போட்டேன். பணம் போனது போகட்டும். அந்த நாய் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது கேட்டிருப்பவர்கள் கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண் பிள்ளை. கணவர் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை செய்கிறார். ஈப்போவில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. நாய் ஒன்றுதான், ஐந்து வயது, நாட்டு நாய். முதல் தடவை போன் பேசும்போதே அவர்களாகச் சொல்லிவிட்டார்கள். என் நாத்தனார் "நாய் என்றாலே வேண்டாம், இன்னும் படவில்லையா?" என்கிறார். எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல மனம் வரவில்லை. நான் பிறந்த லயத்தில் நாய் இல்லாத வீடே கிடையாது. இருட்டில் பால் வெட்டப் போகிற அம்மாவுக்கு முன்னால் ஓடிப் பாம்பைக் காட்டிக் கொடுத்தது எங்கள் நாய்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நாயை விட்டுவிட்டு ஓடிப்போகாத ஆட்கள் யார் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளைப் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்?

---

தைப்பிங் மாமா:

விடாதீர்கள். எனக்கு 62 வயது, இரண்டு தடவை பட்டவன். உள்ளே வரும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். போகும்போது யார் கழுவுவது? நாய் இல்லாத குடும்பம் உங்கள் ஊரில் கிடைக்காதா என்ன?

---

லுனாஸ் அண்ணன்:

அக்கா, மாமா சொல்வதில் உள்ள வலி எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த வழியில் போகவில்லை. லுனாஸ், பாடாங் செராய் பக்கம் எனக்கு நான்கு வீடுகள் வாடகைக்கு ஓடுகின்றன. மூன்றில் நாய் இருக்கிறது. நாய் இல்லாத நான்காவது வீட்டில்தான் போன வருடம் கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

நான் முதலில் பார்ப்பது அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை. ஆளை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசினால் எல்லோரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்கள். நீங்கள் அங்கே போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை. சொல்லிவிட்டுப் போனாலும் மறைக்க முடியாதவை இருக்கும். கதவின் கீழ்ப்பகுதியில் நகக் கீறல். நாய் படுக்கும் இடத்தின் வாடை. தண்ணீர்ப் பாத்திரத்தில் பாசி பிடித்திருக்கிறதா, இல்லையா. கழுத்துப் பட்டைக்குக் கீழே முடி கொட்டித் தோல் தெரிந்தால் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். தோட்டத்து வீடு என்பதால் கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) விசாரிக்கலாம். இப்போதைக்கு அவர்தான் அவர்களுக்கு வீட்டுக்காரர் இடத்தில் இருப்பவர். ஒழுங்காகச் சம்பளம் வருகிறதா, சண்டை சச்சரவு உண்டா என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்களுடைய பழைய ஆள் ஓடியது நாயினால் இல்லை. கையில் காசு இல்லாமல் ஓடினார். அதனால் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். புது வேலைக்கான கடிதத்தையும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் சி.டி.ஓ.எஸ். அறிக்கையும் எடுக்கச் சொல்லலாம், கடன் பாக்கி எல்லாம் அதில் தெரியும். ஐ.சி. (அடையாள அட்டை) நகல் வாங்கினால் அதன் மேலேயே "வாடகைக்கு மட்டும்" என்று கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கும் நிம்மதி.

முன்பணம் வழக்கம்போல இரண்டு மாதம், மின்சாரம் தண்ணீருக்குத் தனி. நாய்க்காக நான் அரை மாதம் கூடுதலாக வாங்குகிறேன். அது திருப்பிக் கொடுக்கும் பணம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். மாதாமாதம் "நாய் வாடகை" என்று சிலர் போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது.

ஒப்பந்தத்தில் "செல்லப் பிராணி அனுமதி" என்று ஒரு வரியில் விட்டால் பின்னால் நாய் நான்காகிவிடும். நாயின் பெயர், நிறம், வயது, எண்ணிக்கை ஒன்று என்று எழுதுங்கள், படத்தையும் ஒட்டுங்கள். சுவரில் எதுவும் அடிப்பதற்கு உங்கள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டு வந்து பார்ப்பேன் என்றும் போடுங்கள். இதுதான் உங்களுக்கு முக்கியம். நீங்கள் வேறு ஊரில் இருப்பவர். வீட்டைப் பார்க்கப் போகும் சாக்கில் நாயையும் பார்த்துவிடலாம்.

ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் போடாமல் விடாதீர்கள். ஸ்டாம்ப் இல்லாத தாளைக் கோர்ட்டில் சாட்சியாக எடுக்கமாட்டார்கள். அதே மாதிரி, நாளைக்குத் தகராறு என்று வந்தால் நீங்களாகப் பூட்டை மாற்றிவிடக் கூடாது. 1950-ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலிஃப் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, குடியிருப்பவரை வெளியேற்றக் கோர்ட் உத்தரவு வேண்டும். இதனால்தான் சொல்கிறேன், வெளியே அனுப்புவது கஷ்டம், உள்ளே விடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

ஈப்போ கிளினிக் தம்பி:

அக்கா, நான் ஈப்போவில் ஒரு கால்நடை கிளினிக்கில் ஏழு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். உங்கள் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சங்கிலி காலில் சுற்றி வரும் நாய்கள் எங்களிடமும் வரும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் தாள் ஊசி அட்டை. சின்னப் புத்தகம்போல இருக்கும், ஒவ்வோர் ஊசிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் கையெழுத்து, தேதி இருக்கும். குட்டியில் இரண்டு மூன்று ஊசி, அப்புறம் தொடர்ச்சியாகப் போட்டு வர வேண்டும். அட்டையில் என்ன இருக்கிறது என்பதைவிட தேதிகளைப் பாருங்கள். ஐந்து வயது நாய்க்கு முதல் வருடத்தோடு ஸ்டிக்கர் நின்றுபோயிருந்தால், குட்டியாக இருந்தபோது இருந்த ஆசை பிறகு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வருடா வருடம் தேதி இருந்தால், பணமும் நேரமும் ஒதுக்கி ஒரு வேலையை மறக்காமல் செய்கிற ஆள். அந்த ஆள் உங்கள் வாடகையையும் மறக்கமாட்டார். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். தோட்டத்திலிருந்து கிளினிக் தூரம். மோட்டாரில் நாயைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால் உடனே தள்ளிவிடாமல் காரணம் கேளுங்கள்.

இரண்டாவது, நாய் உரிமம். நகராண்மைக் கழகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், கழுத்தில் மாட்ட வில்லை கொடுப்பார்கள். இந்த வீட்டு முகவரிக்கு அவர்கள் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பதற்கு அந்தந்த இடத்தில் வரம்பு உண்டு. சில இடங்களில் பக்கத்து வீட்டுச் சம்மதமும் கேட்பார்கள். உங்கள் ஊர் கவுன்டரில் நீங்களே ஒரு நடை போய்க் கேட்டுவிடுவது நல்லது.

இனத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பிட்புல், ஜப்பானிய டோசா, அகிதா போன்ற சிலவற்றைக் கால்நடைச் சேவைத் துறை நாட்டுக்குள் கொண்டுவரவே விடுவதில்லை. ரோட்வீலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. உங்களிடம் வருவது நாட்டு நாய், அந்தக் கவலை இல்லை. ஆனால் இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது. கிளினிக்கில் என்னைக் கடித்தவற்றில் பாதி மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன நாய்கள்.

நாயை நேரில் பாருங்கள். கண்டிப்பாகப் பாருங்கள். நீங்கள் உள்ளே போனதும் நேராக அதன் கண்ணைப் பார்க்காமல், கையை நீட்டாமல், சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அறிமுகம் இல்லாத ஆள் வந்தால் நாய் குரைக்கும், அது அதன் வேலை. குரைத்துவிட்டு வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்குகிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் கையைத் தூக்கும்போது நாய் ஒடுங்கிப் பின்வாங்கினால் அந்த வீட்டில் அடி விழுகிறதோ என்று சந்தேகிக்கலாம். இதை யாரும் நடித்து மறைக்க முடியாது. அப்புறம் காதின் உள்பக்கமும் கால்விரல் இடுக்கும். உண்ணி தங்குவது அங்கேதான்.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இரண்டு முறை மருந்தடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் போன பிறகும் மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். அதனால் ஒரு முறை அடித்தால் போதாது. அவர்கள் வருவதற்கு முன்னால் பின்பக்கச் சுவர் வெடிப்பைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடுங்கள். நாய்க்கு மாதாமாதம் உண்ணி மருந்து போடுவார்களா, கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். பெட்டியைக் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

கருத்தடை செய்திருக்கிறதா என்பதும் கேள்வி. ஒரு நாய் மூன்று நாயாகப் பெருகுவது அங்கேதான் ஆரம்பம்.

கடைசியாக ஒன்று. நாயைச் சோறு தண்ணீர் இல்லாமல் கட்டிப்போட்டு விட்டுப் போவது குற்றம். 2015-ஆம் வருட விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை அல்லது இரண்டும். அந்தக் குடும்பத்தை வரவேற்று உட்கார வைத்து, போன தடவை நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சட்டத்தையும் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக இல்லை. கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

---

ரவாங் வாடகைக்காரி:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்களிடம் நாய் இருக்கிறது, சொந்த வீடு இல்லை. இந்த ஆறு வருடத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறோம். பதினொரு பேர் போனிலேயே "நாயா? வேண்டாம்" என்று வைத்துவிட்டார்கள். ஏஜெண்ட் ஒருவர் என்னிடமே சொன்னார், "அக்கா, நாயைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், சாவி வாங்கிய பிறகு ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்துவிடுங்கள்" என்று. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். கதவைச் சாத்திச் சாத்தி வைத்தால் ஜன்னல் வழியாக வருவார்கள், அப்போது வீட்டுக்காரருக்கு நாய் இருப்பதே தெரியாது, கேட்கவும் வழியில்லை.

உங்களிடம் வந்தவர்கள் முதல் போனிலேயே சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் எத்தனை தடவை யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சொன்ன அடுத்த நொடியில் போன் வைக்கப்படும் என்று தெரிந்தே சொல்வது.

கேள்வி கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். எங்களுக்கு அது கஷ்டமே இல்லை. நான் விரும்பும் கேள்விகளைச் சொல்கிறேன். நீங்கள் வேலைக்குப் போனால் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்யும்? வேலை போய்விட்டால், வீடு மாற வேண்டி வந்தால், நாயை எங்கே கொண்டுபோவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நாய் மேல் பாசம் உள்ளவர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள், அம்மா வீடு, அண்ணன் வீடு என்று. ஏனென்றால் அதை அவர்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது கிள்ளானில் இருக்கும் என் தங்கச்சி வீடு.

பிள்ளை இருக்கிற வீடு என்றால், பிள்ளையிடம் நாயைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

---

லுனாஸ் அண்ணன்:

தங்கச்சி சொன்ன அந்தக் கடைசிக் கேள்வியை நானும் இனிமேல் கேட்கப் போகிறேன். அக்கா, பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். நாய் வந்த பிறகு போய்ப் பேசினால் அது சமாதானம் பேசுவதாகிவிடும். முஸ்லிம்கள் மேல் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். தொழுகைக்குப் போகிற மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை. நாய் அந்தப் பக்கம் தலையை நீட்டாதபடி வேலியின் கீழே பலகையோ துத்தநாகத் தகடோ அடியுங்கள். நாய் இருக்கும் இடத்தைக் கழுவும் தண்ணீர் அவர் வாசல் கால்வாய்ப் பக்கம் ஓடாமல் பின் சாக்கடைக்குப் போகிறதா என்று பாருங்கள். என் பாடாங் செராய் வீட்டில் இந்த ஒரு தண்ணீர்ப் பிரச்சினையில்தான் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

---

சுங்கை சிப்புட் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. என் சின்ன வயதில் அதெல்லாம் ரப்பராக இருந்தது. லயத்தில் பாதி வீடுகள் காலி. ஆறாவது வீட்டு வாசலில் எங்களைப் பார்த்துக் கறுப்பு நாய் ஒன்று எழுந்து குரைத்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் "மணி, போதும்" என்றாள். நின்றுவிட்டது. வாசல் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கட்டிப்போடவில்லை. வாசலுக்குச் சின்ன மரக் கதவு போட்டிருந்தார்கள்.

தம்பி சொன்னபடி ஊசி அட்டை கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு வைத்திருந்தாள். நான்கு வருடம் தேதி இருந்தது, ஒரு வருடம் இல்லை. காரணம் கேட்டேன். கோவிட் நேரத்தில் மாவட்டம் தாண்ட முடியவில்லை, அதற்குப் பிறகு போட்டோம் என்றாள். அடுத்த வரியில் அந்தத் தேதி இருந்தது. உண்ணி மருந்துப் பெட்டி சாமி அலமாரிக்குக் கீழே இருந்தது. காதைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாத்தனார் பார்த்தார். சுத்தம் என்றார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அப்புறம் போன தடவை நடந்ததைச் சொன்னேன். வளையம், சங்கிலி, மக்சிக்கின் தண்ணீர்க் குழாய், ஈப்போவில் ஒன்பது நாள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பெண் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. பிள்ளைதான் கேட்டது, "ஆன்ட்டி, அந்த நாய் பேரு என்ன?" என்று. எனக்குப் பதில் இல்லை.

வீடு மாற வேண்டி வந்தால் நாய் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "சலாக்கில் என் அண்ணன் இருக்கிறார். அவரிடம் பேசி வைத்திருக்கிறேன். இந்த வீடு அமையாவிட்டாலும் மணி அங்கே போகும், நாங்கள் வாரா வாரம் போய்ப் பார்ப்போம்" என்றார். அண்ணன் நம்பரைக் கொடுத்தார். நான் கூப்பிட்டுப் பேசினேன். உண்மைதான்.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாடகையைக் குறைப்பீர்களா என்று கேட்பாள் என நினைத்தேன். "அக்கா, மத்தியானத்துக்கு மேல் பின்பக்கம் நிழல் விழுமா?" என்று கேட்டாள். இரண்டு மணி வரை வெயில், அதற்குப் பிறகு நிழல் என்றேன். அப்படியானால் அதுவரைக்கும் உள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

வீட்டை அவர்களுக்கே கொடுக்கிறேன். வாடகை 600 வெள்ளி. இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், மணிக்கு அரை மாதம், திருப்பிக் கொடுக்கும் பணமாக. ஒப்பந்தத்தில் "மணி, கறுப்பு, ஆண், ஐந்து வயது, கருத்தடை செய்தது" என்று எழுதியாகிவிட்டது. படமும் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் வருவேன் என்றதற்கு அவர்களே சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள் என்றார்கள். உரிமத்துக்கு அவரும் நானும் ஒன்றாகப் போய் நகராண்மைக் கழகக் கவுன்டரில் கேட்டுவிட்டு வந்தோம். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் மணி இங்கே வரும், அதுவரை சலாக்கில் இருக்கும்.

மக்சிக்கிடம் போன வாரமே பேசினேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி ஊற்றிக் கொடுத்தார். பிறகு, கட்டிப்போட மாட்டார்கள் இல்லையா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். வேலிக்குத் தகடு அடிப்பதையும் தண்ணீர் பின் சாக்கடைக்குப் போகும் என்பதையும் சொன்னேன். தகடு தன் பக்கத்திலிருந்தும் ஓர் அடி உயர்த்தி அடிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன உயரத்துக்கே அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, சுவர் வெடிப்பை நேற்று பூசியாகிவிட்டது. கொத்தனார் வந்திருந்தபோது அந்த இரும்பு வளையத்தையும் அறுத்து எடுக்கச் சொன்னேன். இரண்டு வருடமாக அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். ஈரம் காய இன்னும் இரண்டு நாள் ஆகும், அப்புறம் வெள்ளை அடிக்க வேண்டும்.